அம்மாவின் பாஸ்புக்கும் அந்தப் போனில்தான்

போன வருஷம் ஜூன். சாயங்காலம் ஆறரை இருக்கும். மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. தக்கலையில் என் சர்வீஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீல் உடைந்த ஒரு லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குலசேகரத்தில் இருந்து ஒரு கல்லூரிப் பிள்ளை குனிந்து உள்ளே வந்தாள். குடையை வெளியிலேயே சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, எனக்க போன் தானா ஆடுது."

"ஆடுதுன்னா?"

"தொடாமலே ஸ்கிரீன் தொறக்குது. ஒரே சூடு."

கையில் எடுத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. சார்ஜ் 9 சதவீதம். முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டேன். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகுதான் கேள்வி.

"மக்களே, எதையாவது இன்ஸ்டால் பண்ணினியா?"

"ஒண்ணும் பண்ணல்லண்ணா."

இப்படி வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. அவர்கள் கணக்கில் அது இன்ஸ்டால் ஆகாது, கல்யாணக் கார்டைத் திறந்தது மட்டும்தான். அவளுடைய மாமா மகனின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருந்தது. பெயர் 'திருமண அழைப்பிதழ்'. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஏபிகே. ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைலின் வால் அது. மாமா மகனுக்கு இருபத்தொரு வயது. வேலை கூட இன்னும் கிடைக்கவில்லை. அவனுக்கு என்ன கல்யாணம் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "வீட்டுக்குத் தெரியாம பண்ணியிருப்பான்னு நெனச்சேன்" என்றாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அதே நினைப்புதான் அவளை உடனே திறக்கவும் வைத்தது. அவன் போனும் இதேபோல் மாட்டியிருந்தது. அவனுடைய தொடர்புப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பிதழ் போயிருந்தது.

"பைசா ஏதாவது போச்சா?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போயிருந்தது 11,500 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை இரவே போய்விட்டது. திங்கள் காலை மகளிர் குழுத் தவணைக்கு எடுக்கப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது. வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்களை அந்தச் செயலி அவள் கண்ணில் காட்டாமலே விழுங்கியிருந்தது. அவள் என் கடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு நாள்.

"நேற்றே ஏன் வரல்ல?"

"அது அம்மைக்க பைசாண்ணா. என்னன்னு சொல்லுவேன்?"

அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறவர். அப்பா ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்தால் வேலை இல்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அம்மாவின் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் எண் மகளுடையது. பணம் அனுப்புவது, கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, குழுவின் வரவுசெலவு, அம்மச்சியின் முதியோர் பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்ப்பது, எல்லாம் அவள்தான். கேலரியைத் திறந்தால் அம்மாவின் ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், ரேஷன் கார்டு, அப்பாவின் பான் கார்டு எல்லாம் வரிசையாக இருந்தன. யாராவது கேட்டால் உடனே அனுப்பத் தோதாக எடுத்து வைத்தது.

கல்லூரிகளில் ஒட்டும் நோட்டீஸ்களில் 'தனிப்பட்ட சாதனங்களைப் பாதுகாப்போம்' என்று போட்டிருப்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளையின் போன் எங்கே தனிப்பட்டதாக இருக்கிறது? அப்பா வளைகுடாவில் இருப்பார், அல்லது தூத்தூர்ப் பக்கம் என்றால் ஆழ்கடலில் இருப்பார். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளை. பதினெட்டு வயதிலேயே அது வீட்டின் காசாளர், கணக்கர், மனுதாரர். 'எனக்க போன்' என்று அவள் சொன்னது பழைய வீடுகளில் இருந்த மரப்பெட்டி. சாவி அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்த இரண்டு நாள் தாமதம் அங்கிருந்துதான் வந்தது. தன் பாக்கெட் பணம் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் ஓடி வந்திருப்பாள்.

தாமதம் எவ்வளவு விலை உள்ளது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொன்னதும், அது பணம் போன வங்கிக்கும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் கிடந்தால் நிறுத்தி வைப்பார்கள். வேறு கணக்குக்குத் தாவியிருந்தால் புகாரும் பின்னாலேயே அங்கே போகும். திருடன் ஓட ஓட, பின்னால் புகார்ச் சீட்டும் ஓடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் சீட்டு முந்துவதற்கு வாய்ப்பு உண்டு. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் ஓட்டம் முடிந்தது. இன்னொன்று, ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை. வங்கியின் தவறும் இல்லாமல், நம் தவறும் இல்லாமல், நடுவில் யாரோ செய்த கோளாறால் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்றது அது. நம் கவனக்குறைவால் போனது என்றாலும், வங்கிக்குச் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆக, எப்படிப் பார்த்தாலும் பாதுகாப்பு ஆரம்பிப்பது வாயைத் திறந்த பிறகுதான்.

என் போனிலிருந்து 1930ஐக் கூப்பிட்டோம். ஐந்தாறு தடவைக்குப் பிறகு லைன் கிடைத்தது. கணக்கு எண், பணம் போன நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் தெளிவாகச் சொன்னாள். ஒரு புகார் எண் கிடைத்தது. வங்கியின் உதவி எண்ணுக்கும் சொல்லிக் கணக்கை முடக்கினோம். அப்புறம்தான் அம்மாவுக்குப் போன். அவர் கடைசி பஸ்ஸைப் பிடித்து நனைந்துகொண்டே வந்தார். நான் நினைத்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பைசா போனா போட்டு. ரெண்டு நாளா சோறு தின்னாம கெடந்தது இதுக்கா பிள்ளே?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு சாயா வாங்கிக் குடுங்க தம்பி, இவளுக்கு" என்றார்.

போனைச் சரிசெய்தது சின்ன வேலைதான். சேஃப் மோடில் திறந்தால் வெளியிலிருந்து வந்த செயலிகள் ஓடாது. அந்தத் திருட்டுச் செயலி ஐகானே இல்லாமல் ஒளிந்திருந்தது. செயலிகளின் முழுப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு வெற்றுக் கட்டமாகக் கிடந்தது. அதற்குப் போனையே நிர்வகிக்கும் 'டிவைஸ் அட்மின்' உரிமை கொடுத்திருந்ததால் நேரடியாக நீக்க முடியவில்லை. முதலில் அந்த உரிமையைப் பிடுங்கி, பிறகு நீக்கி, படங்களை எடுத்து வைத்து, கடைசியில் போனையே ஃபேக்டரி ரீசெட் செய்தேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் என் லேப்டாப்பில் இருந்து மாற்றினோம். நோய் பிடித்த போனிலேயே பாஸ்வேர்டு மாற்றுவது திருடனை உட்காரவைத்துப் பூட்டு மாற்றுகிற மாதிரி.

அந்த விஷயம் எப்படியோ அவள் துறைத்தலைவர் காதுக்குப் போய், அவர் சார்ஜர் வாங்க வந்த சாக்கில் என்னைக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார். நானும் பெரிய ஆள் மாதிரி 32 ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போனேன். இருநூறு பேர் இருந்த ஹால். ஃபிஷிங், மால்வேர், ரான்சம்வேர், ட்ரோஜன் என்று விளக்கினேன். ட்ரோஜன் குதிரைக் கதையைக் கூடச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டது இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. பின்வரிசையில் பாதிப் பேர் ரீல்ஸ். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வந்தது: "அண்ணா, அப்போ சார் அனுப்புற பிடிஎஃப்பையும் தொறக்கப்பிடாதா?"

ஹாலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு ஸ்லைடும் 'செய்யாதே, செய்யாதே' என்றே சொல்லியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பயப்படு என்று சொன்னால் எதற்குப் பயப்படுவது என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட்டில் இருந்து முறையை மாற்றினோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கேன்டீன் பக்கத்து அயனி மரத்தடியில் ஒரு மேசை, நாலு நாற்காலி. பேச்சு கிடையாது. போனைக் கொண்டுவந்தால் ஐந்து நிமிஷம் சேர்ந்து பார்ப்போம். உன் போன் உன் கையிலேயே இருக்கும், நான் தொடமாட்டேன். இந்த ஒரு வாக்குறுதிக்காகத்தான் பெண்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். குலசேகரத்துப் பிள்ளைதான் இப்போது என் பக்கத்து நாற்காலி. என்னைவிட அவள் சொன்னால் கேட்கிறார்கள்.

முதலில் பார்ப்பது, 'தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி' என்ற இடம். ஆண்ட்ராய்டில் எந்தெந்தச் செயலி வழியாக ஏபிகே உள்ளே வரலாம் என்று பட்டியல் இருக்கும். வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம் மூன்றுக்கும் அனுமதி கொடுத்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஏதோ கேம் இறக்கிய நாளில் கொடுத்தது. எல்லாவற்றையும் மூடச் சொல்வோம். அந்தக் கதவு மூடியிருந்தால் கல்யாணக் கார்டு வந்தாலும் வாசலிலேயே நிற்கும். அப்போதுகூட போன் கேட்கும், 'திறக்கவா?' என்று. அந்தக் கேள்வி வந்த உடனே அது கார்டு இல்லை என்று தெரிந்துவிட வேண்டும். படமோ பிடிஎஃப்போ ஒருநாளும் நிறுவ அனுமதி கேட்காது. பிடிஎஃப் கேள்வி கேட்ட பையனுக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். மேடையில் நிற்கும்போது வரவில்லை.

அடுத்து ஆக்சஸிபிலிட்டி. இது பார்வையற்றவர்கள் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்காக வைத்த வசதி. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகப் பட்டனைத் தட்டவும் ஒரு செயலிக்கு அனுமதி கொடுப்பது. எவ்வளவு நல்ல காரியம்! திருடனுக்கும் அதே இரண்டும்தான் வேண்டும், திரையைப் படிக்கவும் தட்டவும். 'தானா ஆடுது' என்று அவள் சொன்னது இதைத்தான். 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13ல் இருந்து, வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்த அனுமதி அவ்வளவு லேசில் கிடைக்காதபடி கூகுள் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்ட மூன்று புள்ளியை அழுத்து, இங்கே போ, அங்கே தட்டு என்று போனிலேயே பாடம் நடத்துகிறார்கள். யாராவது அப்படி வழி சொல்லிக்கொடுத்தால், சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் போனை வைத்துவிட வேண்டியதுதான்.

ஜெராக்ஸ் கடை சமாசாரம் தனி. கல்லூரி வாசலில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் என்னிடம் சொன்னார், ராத்திரி கடை அடைக்கும்போது அவர் கம்ப்யூட்டரில் யாருடைய வாட்ஸ்அப்பாவது திறந்தே கிடக்குமாம். அசைன்மென்ட் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப்பைத் திறப்பார்கள். பிரின்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவர் நல்ல மனிதர், ஒவ்வொன்றாக லாக்அவுட் பண்ணிவிட்டுத்தான் போவார். எல்லாக் கடையிலும் அவரே உட்கார்ந்திருப்பாரா? மேசைக்கு வந்த ஒரு பி.காம் பையனின் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்தோம். மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று அவன் அண்ணனுடையது. ஒன்று மார்த்தாண்டத்து ஜெராக்ஸ் கடை. மூன்றாவது எது என்று அவனுக்கே தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. மூன்றையும் நீக்கி, ஆறு இலக்க டூ ஸ்டெப் பின்னும் போட்டோம். எழுந்து போனவன் திரும்பி வந்து, "அண்ணா, அப்போ அவங்க எல்லாத்தையும் படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டான். என்ன சொல்வது? உப்பேரி பாக்கெட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

பென்டிரைவ் வைரஸும் அந்தக் கடைகளில் இருந்துதான். ஃபோல்டர்கள் எல்லாம் ஒன்றிரண்டு கேபி ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பதறி ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அதே பென்டிரைவில் ஒளித்துதான் வைக்கப்பட்டிருக்கும், மீட்டுவிடலாம். முடிந்தால் ஃபைலைக் கடைக்காரருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள், பென்டிரைவே வேண்டாம்.

லேப்டாப் பக்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். சிவில் படிக்கிற ஒரு பையன். இன்ஸ்டாவில் அவன் பெயரில் கிரிப்டோ முதலீட்டு விளம்பரம் ஓடுகிறது. பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றியிருக்கிறான், டூ ஃபேக்டரும் போட்டிருக்கிறான். மறுநாளே திரும்ப வந்துவிடுகிறது. லேப்டாப்பைத் திறந்தால் டெஸ்க்டாப்பிலேயே கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, ஆட்டோகேட் வரைபட மென்பொருள். நிறுவுமுன் ஆன்டிவைரஸை அணைக்கவும் என்று அதோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தது, இவனும் அணைத்திருக்கிறான். வீட்டுக்காரனை வைத்தே நாயைக் கட்டிப்போட வைத்துவிட்டார்கள்.

உள்ளே வந்தது தகவல் திருடும் வகை. அது பாஸ்வேர்டோடு நிற்பதில்லை, பிரவுசரின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டோம் என்பதற்கு இன்ஸ்டா கொடுத்த கைச்சீட்டுதான் குக்கி. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் யாரும் கேட்கமாட்டார்கள். இவன் மாற்றிய மூன்று பாஸ்வேர்டையும் அதே லேப்டாப்பில் உட்கார்ந்துதான் மாற்றியிருக்கிறான். விண்டோஸைச் சுத்தமாகத் திரும்பப் போட்டு, எல்லாச் சாதனங்களில் இருந்தும் லாக்அவுட் செய்து, அதன்பிறகு மாற்றினோம். அத்தோடு நின்றது.

இதில் என் வயிறு எரிவது எதற்கென்றால், ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். கல்லூரியில் படிப்பதற்கான அத்தாட்சியைக் காட்டினால் ஆட்டோடெஸ்க் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கும், படிக்கிறவரை வருஷாவருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் செய்யும் பாடங்களில் பெரும்பகுதிக்கு ஆக்டேவ் போதும், அதற்குக் காசே கிடையாது. எழுத லிப்ரே ஆபீஸ். இதையெல்லாம் முதல் வருஷம் முதல் வாரத்தில் ஒரு ஆசிரியர் சொல்லிவிட்டால் என் கடையில் பாதிக் கூட்டம் குறையும். எனக்கு வருமானம் போகும், போகட்டும்.

அதே கிராக் வழியாக இன்னொருவனுக்கு ரான்சம்வேர் வந்தது. கடைசி வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட், படங்கள், அவன் தங்கையின் சின்ன வயசிலிருந்து எடுத்த போட்டோக்கள், எல்லா ஃபைலின் வாலிலும் ஏதோ நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பு. பணம் கட்டாதே என்றேன். 'நோ மோர் ரான்சம்' என்று ஒரு தளம் இருக்கிறது, ஐரோப்பியப் போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016ல் தொடங்கியது. பூட்டுத் திறக்கத் தெரிந்த வகைகளுக்கு அங்கே இலவசச் சாவி கிடைக்கும். இவனுடையதற்குக் கிடைக்கவில்லை. ரிப்போர்ட்டை மட்டும் காப்பாற்றியது எது தெரியுமா? கைடுக்கு இரண்டு வாரம் முன்பு மெயிலில் அனுப்பிய ஒரு பிரதி. திருத்தச் சொல்லி அவர் திட்டிய மெயிலின் அடியில் அது பத்திரமாக இருந்தது. பேக்கப் என்று நான் சொல்வது அவ்வளவுதான். ஃபைல் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடம் லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

அப்டேட் பற்றிச் சொன்னால் டேட்டா தீர்ந்துவிடும் என்கிறார்கள். சரி, நியாயம்தான். ஆனால் 2017 மே மாதம் உலகத்தையே அலறவைத்த வன்னாகிரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் தம்பிக்கு வந்து, அவனிடமிருந்து தங்கைக்கு வருவது நம் வீடுகளில் சகஜம். அந்தப் பழைய பெட்டிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுக்கிறேன். முதல் வாரம் முனகுவார்கள், அப்புறம் பழகிவிடுகிறது.

போன் தொலைந்தால் என்ன என்று அதிகம் பேர் யோசிப்பதில்லை. களியக்காவிளை பஸ்ஸில் ஒருவனுடைய போன் போயிற்று. திரைக்குப் பூட்டு இருந்தது, அதனால் நிம்மதியாக இருந்தான். எடுத்தவன் சிம்மை உருவி வேறு போனில் போட்டுக்கொண்டான். ஓடிபி எல்லாம் அங்கே வரும்தானே? சிம்முக்கும் பூட்டு உண்டு. செட்டிங்ஸில் சிம் லாக் என்று இருக்கும். ஆனால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். நிறுவனம் வைத்த பழைய எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கைவைக்க வேண்டும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம் முடங்கி, முடக்கத்தை எடுக்கும் 'பக்' எண் கேட்கும். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். போலீஸ் புகாரும் அந்த எண்ணும் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனையே எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம்.

ஆதார், பாஸ்புக் படங்களைக் கேலரியிலிருந்து எடுத்துவிடச் சொல்வோம். ஆதாருக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. யாருக்காவது நகல் அனுப்ப வேண்டும் என்றால் முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் குப்பையாகக் கிடக்கும் பழைய நகல்களையும் தேடி அழிக்க வேண்டும். அம்மாவின் ஆதாரை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று தேடிப் பார்த்த பிள்ளைகள் அயனி மரத்தடியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேசையில் யாரும் உரக்கப் பேசாத விஷயங்கள் மூன்று. கூட்டம் குறைந்த பிறகு, பையை மாட்டிக்கொண்டு, போகிற மாதிரி நின்று கேட்பார்கள்.

முதலாவது கடன் செயலி. ஐயாயிரம் வாங்கினேன், இப்போது என் கான்டாக்டில் உள்ளவர்களுக்கு எல்லாம் அசிங்கமாக அனுப்புகிறார்கள் என்பார்கள். கடன் கொடுக்கும் செயலி தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே விதி வைத்துவிட்டது. கேட்கிற செயலி அந்த நிமிஷமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது இன்னும் மோசம். "உன் அக்கவுண்டையும் ஏடிஎம் கார்டையும் கொஞ்ச நாள் கொடு, மாசம் ஐயாயிரம் தாறேன்" என்று சீனியர் ஒருவன் கேட்பான். பிள்ளை பெட்ரோல் காசு என்று நினைத்துக் கொடுத்துவிடும். குலசேகரத்து அம்மாவின் 11,500 ரூபாய் போய் விழுவது இப்படி வாடகைக்கு விட்ட கணக்கில்தான். ஒருநாள் கணக்கு முடங்கும், ஊர் பெயர் கூடக் கேள்விப்படாத மாநிலத்துப் போலீசிடமிருந்து நோட்டீஸ் வரும். எனக்குத் தெரிந்து ஒரு பையன் வளாக நேர்காணல் நடந்த வாரத்தில் ஸ்டேஷன் வாசலில் அப்பாவோடு நின்றான். போனில் வைரஸ் வந்தால் ரீசெட் செய்துவிடலாம். இதற்கு ரீசெட் கிடையாது.

மூன்றாவது படம். நம்பி அனுப்பிய படம், அல்லது அனுப்பாமலே முகத்தை ஒட்டி உண்டாக்கிய படம். இதில் பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, கூடும். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை ஒன்று இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்களுக்குக் கொடுக்கும், அவர்கள் அதே படம் ஏறாமல் தடுப்பார்கள். பதினெட்டு வயது ஆனவர்களுக்கு இது. குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனியாக உண்டு. இந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து சாயா வாங்கப் போய்விடுவேன். குலசேகரத்துப் பிள்ளை பார்த்துக்கொள்வாள்.

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்கிறவையும் இருக்கின்றன. பஸ்ஸ்டாண்டு சார்ஜிங் பாயின்ட்டில் போனைப் போட்டால் தகவல் எல்லாம் போய்விடும் என்ற வதந்தி வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு போன் என் கடைக்கு வந்ததில்லை. போனைப் பூட்டி வைத்தே சார்ஜ் போட்டால் போதும். அப்புறம் போனைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று வரும் கிளீனர் செயலிகள். அவற்றை நீக்கினாலே போன் வேகமாகும்.

பாஸ்வேர்டுக்கு ஒரே ஒரு யோசனை. நீளம்தான் முக்கியம். பிறந்த தேதியும் காதலி பெயரும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும். ஒரு பையன் தன் பாட்டியின் சமையலறையில் இருந்து நாலு பொருளை எடுத்தான். அவை என்ன என்று என்னிடமே சொல்ல வந்தான், வாயைப் பொத்தினேன். மற்றவற்றை, பாஸ்வேர்டுகளைப் பூட்டி ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியிடம் விட்டுவிடலாம். பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது.

குலசேகரத்து வீட்டுக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 11,500ல் 4,200 ரூபாய் எங்கோ ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டது, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மீதி போனது போனதுதான். அந்த 4,200ஐத் திரும்ப வாங்கக் கோர்ட் உத்தரவு வேண்டும் என்றார்கள். நாகர்கோவிலுக்கு மூன்று தடவை போய்வந்தார்கள். அம்மாவுக்கு மூன்று நாள் கூலி போயிற்று. மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வருகிறாள்.

போன சனிக்கிழமையும் மேசையில் உட்கார்ந்தபடியே வங்கிக்குப் பேசினாள். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்களாம். போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்து எழுதினாள். பதினேழாவது வரி. "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.